பாத்தியதை

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் நான்கு தலைமுறைக் காகிதங்கள் கிடக்கின்றன. என் பாட்டனாரின் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஊர் தேன்கனிக்கோட்டை, ஜில்லா சேலம், ராஜதானி சென்னை. என் தகப்பனாருடையதிலும் ஜில்லா சேலம்தான். ராஜதானி போய் ராஜ்யம் வந்துவிட்டது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரி தனி ஜில்லாவானபடியால் என் காகிதத்தில் தர்மபுரி. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதற்குப் பின் பிறந்த என் மகளுடைய காகிதத்தில் கிருஷ்ணகிரி. நாலு பேரும் தவழ்ந்தது ஒரே கூடத்தில். கூடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜில்லாதான் எங்களைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. கலெக்டர் கச்சேரி கிட்டே வந்தால் மனுக் கொடுக்கப் போகிற குடியானவனுக்குப் பஸ் சார்ஜும் ஒரு வேளைச் சோறும் மிச்சம். சேலம் போவதென்றால் என் பாட்டனார் கட்டுச்சோற்றோடு முதல் நாளே கிளம்புவாராம். நிர்வாகக் கோடு வசதிக்காகக் கிழிக்கப்படுவது. வசதி மாறினால் கோடும் மாறத்தான் வேண்டும். நான் கேட்க வந்தது வேறு. கோடு மாறும்போது அதற்குள் அகப்படுகிற பழைய கோயில், கோட்டை, கல், கல்லறை எல்லாம் யாரைச் சேருகின்றன? அவற்றில் எழுதினவனுடைய மொழியைப் பேசுகிறவர்களையா, எழுப்பினவனுடைய வம்சத்தாரையா, அல்லது இன்றைக்கு அதன் நிழலில் மாடு கட்டுகிறவனையா?

என் தகப்பனார் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். அவர் வாயில் ஓயாமல் புரண்ட சொல் 'பாத்தியதை'. பாகப் பத்திரத்தில், 'மேற்படி வீட்டுக்கு இன்னார் பாத்தியப்பட்டவர்' என்று எழுதுவார். கடன் பத்திரத்தில், 'மேற்படி தொகைக்கு இன்னார் பாத்தியப்பட்டவர்' என்று எழுதுவார். சிறு வயதில் ஒருநாள், "இதென்னப்பா, சொத்துக்கும் பாத்தியம், கடனுக்கும் பாத்தியமா?" என்று கேட்டேன். "சொத்தை வாங்கிக்கிறவன் கடனையும் வாங்கிக்கணும்டா. ரெண்டுக்கும் தனித்தனிச் சொல் எதுக்கு?" என்றார். அவர் சட்டம் படித்தவர் அல்ல. ஆனாலும் இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் மேற்கொண்டு யோசித்தேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது தமிழ்நாட்டின் மேற்கு ஓரத்தில் உள்ள மேட்டு நிலம். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை வழியாகப் பஸ் ஏறிக்கொண்டே வரவேண்டும். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி. வடக்கே ஓசூர், மேற்கே தளியைத் தாண்டினால் கர்நாடகம், தெற்கே அஞ்செட்டிக் காடு இறங்கி இறங்கிக் காவிரியில் போய் முடிகிறது. அந்தக் காட்டின் ஓரத்தில் இருக்கிற பிலிகுண்டுலுவில்தான் கர்நாடகம் எத்தனை தண்ணீர் விட்டது என்று அளக்கிறார்கள். 2018-இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்கும் அந்த இடத்தில் அளந்துதான். பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் சண்டைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கன்னடத்தில் 'பிளி' என்றால் வெள்ளை, 'குண்டு' என்றால் உருண்டைப் பாறை. சாதுவான பெயர்.

கேழ்வரகு முற்றுகிற பருவத்தில் பன்னர்கட்டாக் காட்டு யானைகள் ஜவளகிரி வழியாக எங்கள் பக்கம் வந்து போகும். அவற்றிடம் எந்த ராஜ்யத்து ரேஷன் கார்டும் கிடையாது. மனிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார்கள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், மசூதித் தெருவில் உருது. என் பாட்டி ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசுவாள். மூன்றிலும் பிழையில்லாமல் திட்டுவாள்.

ஊர்ப் பெயரையே பாருங்கள். தேனும் கனியும் சேர்ந்த கோட்டை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். கன்னடத்தில் 'தெங்கண' என்றால் தெற்கு. தெற்குக் கோட்டை என்று பிறந்த பெயர்தான் தமிழ் வாயில் ஊறிக் கனிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கோயிலில் இருக்கிற பெருமாளின் பெயர் பேட்டராய சுவாமி. 'பேட்டெ' என்றால் கன்னடத்தில் வேட்டை. வேட்டையாட வந்த பெருமாள். ஊர்ப் பெயரைத் தமிழாக்கிய ஜனங்கள் சாமி பெயரை மட்டும் தொடவில்லை. சாமிக்குக் கோபம் வரும், ஊருக்கு வராது என்று நினைத்தார்களோ என்னவோ.

எங்கள் பக்கத்தை ஆண்டவர்களும் இப்படியே கலந்து கட்டியவர்கள்தான். 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் ராமநாதன் எங்கள் ஜில்லாவில் உள்ள குந்தாணியைத் தலைநகராக வைத்துக்கொண்டு ஆண்டான். அவன் கன்னட ராஜவம்சம்; அவன் காலத்துக் கல்வெட்டுகளில் எத்தனையோ தமிழில் இருக்கின்றன. பின்னால் விஜயநகரம், மைசூர், ஹைதர், திப்பு. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கீழே இருக்கிற பாராமகாலைக் கும்பினிக்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, குடியானவன் பேரிலேயே வரி போட்ட கதை அங்கே தொடங்கியதுதான். எங்கள் மேட்டு நிலம் 1799-இல் திப்பு விழுந்த பிறகு வந்து சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவாரியாகக் கோடு போட்டார்கள். காவிரிக்கு அக்கரையில் இருந்த கொள்ளேகால் அதுவரை கோயமுத்தூர் ஜில்லா. அது மைசூருக்குப் போயிற்று. நாங்கள் சென்னையில் தங்கினோம். அன்றைக்குக் காலையில் இரண்டு கரையிலும் அதே ஜனங்கள்தான் மாடு ஓட்டிப் போயிருப்பார்கள்.

இனி அந்தக் கல்லின் கதை. கெலமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. தொழிற்சாலைக்குப் பின் தொழிற்சாலையாக ஊர் வீங்கி, 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அந்த வீக்கம் இப்போது எங்கள் பக்கம் மனைக் கற்களாக வந்துகொண்டிருக்கிறது. கிராமத்து ஏரிக்கரையை ஒட்டிய காட்டையும் மனை போட்டார்கள். அங்கே ஒரு புளியமரத்தடியில் நடுகல் ஒன்று நிற்கிறது. மூன்று அடுக்கு. கீழே வில்லோடு ஒருவன், அவன் பின்னால் மாடுகள். நடுவில் இரண்டு தேவமாதர் அவனைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோகிறார்கள். உச்சியில் லிங்கத்துக்கு முன்னால் கை கூப்பி உட்கார்ந்திருக்கிறான். அடுக்குகளுக்கு இடையில் தேய்ந்துபோன கன்னட எழுத்து. ஊரார் அவனை வேடியப்பன் என்கிறார்கள். எங்கள் ஜில்லாவில் இந்தக் கற்களுக்குப் பல இடங்களில் இதுதான் பெயர்.

மனை அளக்க டேப்போடு வந்த இளைஞர் நல்ல பையன். பி.காம். படித்தவர். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணா, இது கன்னடக்காரங்க கல்லு. நம்ம ஆளு இல்லையே! ரோடு நேரா வரணும்னா இதை எடுத்து ஓரமாப் போட்டுடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

அங்கே விளக்குக்கு எண்ணெய் விட வந்த கிழவி ஒருத்தி, "யாரு ஆளோ எனக்குத் தெரியாது சாமி. மாட்டைக் காக்கப் போயிச் செத்தான். எங்க மாடும் இந்த ஏரியிலேதானே தண்ணி குடிக்குது" என்றாள்.

இரண்டு பேரும் சொன்னதைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இளைஞர் சொன்னது ஒரு பரம்பரை வாதம்: என் மொழிக்காரன், என் இனத்தான் விட்டுப் போனதுதான் என் சொத்து, மற்றது வெறும் கல். அதை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சில தேசங்கள் முழுக்க முழுக்க அப்படி நினைத்து நடந்தும் இருக்கின்றன. கியூன்டர் கிராஸ் என்ற ஜெர்மன் நாவலாசிரியர் 1959-இல் எழுதிய தகர மேளத்தின் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு அப்படிப்பட்ட ஒரு நாட்டோரத்தின் மேல் கண். போலந்தின் வடகோடியில், விஸ்துலா ஆறு பால்டிக் கடலில் விழுகிற இடம். இன்றைய பெயர் பொமொர்ஸ்கியே மாகாணம். பெயருக்குப் பொருளே கடலோரம் என்பதுதான். நம்மவர்கள் நெய்தல் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அதன் தலைநகரம் கிடான்ஸ்க். கிராஸ் 1927-இல் அங்கே பிறந்தபோது அதன் பெயர் டான்சிக்.

அந்த ஊரின் காகிதங்கள் எங்கள் டிரங்குப் பெட்டியைத் தோற்கடிக்கக் கூடியவை. 1308-இல் டியூட்டானிய வீரத்துறவிகள் என்ற ஜெர்மானியக் கூட்டம் அதைப் பிடித்தது. 15-ஆம் நூற்றாண்டில் போலந்து மன்னருக்குக் கீழே வந்தது. 1793-இல் பிரஷ்யாவுக்குப் போயிற்று. 1920-இல் யாருக்கும் சொந்தமில்லாத சுதந்திர நகரம். 1939 செப்டம்பர் முதல் தேதி இரண்டாம் உலக யுத்தத்தின் முதல் குண்டுகளில் சில அதன் துறைமுகத்து வெஸ்டர்பிளாட்டேயில் விழுந்தன. 1945-இல் ஊரின் நடுப்பகுதி பெரும்பாலும் இடிபாடு. குடியிருந்த ஜெர்மானியர்கள் ஓடினார்கள், மீதிப் பேர் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கே தங்கள் ஊர்களைச் சோவியத்துக்கு இழந்த போலந்துக்காரர்கள் பலர் அங்கே வந்து குடியேறினார்கள். பிறர் வீட்டில், பிறர் தெருவில், முன்பின் பார்த்திராத ஊரில். 1999-இல் போலந்து தன் 49 மாகாணங்களைப் பதினாறாகச் சுருக்கியபோதுதான் இன்றைய மாகாணம் உருவாயிற்று. நாம் ஜில்லாக்களைப் பிரித்துக்கொண்டே போகிறோம், அவர்கள் சேர்த்தார்கள். அந்தந்த ஊர் வசதி.

வந்து சேர்ந்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? எங்கள் இளைஞர் சொன்னதைத்தான். 1946-இல் இடப்பெயர்களை நிர்ணயிக்க ஒரு கமிஷன் வைத்து, ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் போலந்துப் பெயர் சூட்டினார்கள். எங்கள் ஊர்ப் பெயர் தானாக ஊறிக் கனிந்தது. அவர்களுடையது ஆபீஸ் மேஜையில் பிறந்தது. இடிந்த நகரத்தை அற்புதமாகத் திருப்பிக் கட்டினார்கள். ஆனால் பிரஷ்யக் காலத்தின் அடையாளங்களைக் கூடியவரை தவிர்த்து, போலந்து மன்னர் காலத்து நகரமாகவே கட்டினார்கள். ஜெர்மானியர்களின் மயானங்கள் பலவற்றைச் சமன்படுத்தினார்கள்; கல்லறைக் கற்கள் போன இடம் தெரியவில்லை. வந்தவர்கள் பட்ட கஷ்டத்தைப் பார்த்தால் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் தகப்பனாரைச் சுட்டவனின் பாட்டனாருக்கு யார் பூப்போடுவார்கள்?

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. கிடான்ஸ்குக்குத் தெற்கே மால்போர்க் என்ற செங்கல் கோட்டை இருக்கிறது. டியூட்டானிய வீரத்துறவிகளின் தலைமையிடம். போலந்து ஜனங்களுக்கு அவர்களைப்போல் விரோதி வேறு இல்லை. 1410-இல் அவர்களைத் தோற்கடித்ததை இன்றும் கொண்டாடுகிறார்கள். சென்கியேவிச் என்ற அவர்களுடைய பெரிய நாவலாசிரியர் அந்தத் துறவிகளையே வில்லன்களாக்கி ஒரு நாவல் எழுதினார். அதைப் படித்து வளராத பிள்ளை அங்கே குறைவு. 1945-இல் அந்தக் கோட்டை பாதிக்கு மேல் இடிந்தது. அப்படியே விட்டிருந்தால் கேட்பார் இல்லை. போலந்துக்காரர்கள் செங்கல் செங்கலாக அதை எடுத்துக் கட்டினார்கள். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது ஏறிற்று. விரோதியின் கோட்டையை எடுத்துக் கட்டிய கொத்தனார் என்ன நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நாவல் எழுதுகிறவனுக்கு அது நல்ல பாத்திரம்.

2002-இல் கிடான்ஸ்கில் இன்னொன்று செய்தார்கள். 'இல்லாமற்போன மயானங்களின் மயானம்' என்று ஒரு நினைவிடம் திறந்தார்கள். சமன்படுத்தப்பட்ட மயானங்களில் கிடந்த கிறிஸ்தவர், யூதர், மற்றவர் எல்லோருக்குமாக. யுத்தம் முடிந்து 57 வருஷம். பூப்போட அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

அதனால் பழைய பாவம் கழுவப்பட்டதா என்றால், இல்லை என்றே சொல்வேன். விரட்டப்பட்டவனுக்கு வீடு திரும்பக் கிடைப்பதில்லை. அவன் பாட்டனுக்கு வைத்த பூவை அவன் வாங்கிக்கொண்டு சமாதானமாகவும் தேவையில்லை. ஆனால் என் தகப்பனாருடைய சொல் அங்கே நடந்திருக்கிறது. ஊரை வாங்கிக்கொண்டவர்கள், தாமதமாகவேனும், ஊரின் கடனையும் வாங்கிக்கொண்டார்கள். கல்லைப் பார்த்துக்கொள்கிற கடமை அதைச் செதுக்கியவனின் பேரனைத் தேடி ஊர் ஊராக அலைவதில்லை. கிட்டே இருப்பவன் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படி விரட்டவில்லை. ஆகவே எங்களுக்குச் சாக்கு இன்னும் குறைவு. அதைவிட, அந்த வில்காரன் 'நம்ம ஆள்' இல்லை என்று எப்படித் தெரியும்? கல்லில் கன்னடம் இருப்பதால், வெட்டுவித்த காலத்தில் அங்கே எழுத்து கன்னடம் என்பது மட்டுமே தெரிகிறது. அவன் வீட்டில் தெலுங்கு பேசியிருக்கலாம், தமிழ் பேசியிருக்கலாம். அவன் பிள்ளைகளின் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல், மொழியை மாற்றிக்கொண்டு, கடைசியில் டேப் பிடித்து மனை அளக்க வந்திருக்கவும் கூடும். ரத்தத்துக்கு மொழி கிடையாது.

என் நண்பர் ஒருவர் இதற்கு வேறு நியாயம் சொன்னார்: "கோலாரம்மா கோயிலில் சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பெங்களூர் தொம்மலூர்க் கோயிலில் இருக்கிறது. அவற்றைக் கன்னடக்காரர்கள் பாதுகாக்க வேண்டாமா? நாம் இவற்றைப் பாதுகாத்தால்தானே அவர்களிடம் கேட்க முடியும்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெங்களூர் ஹெப்பாளில் எட்டாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று வீதியோரம் கிடந்ததைக் கண்டு, அங்கே குடியிருப்பவர்கள் முன்னின்று மண்டபம் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பண்டமாற்று எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குக் கோலாரில் ஒருவன் தமிழ்க் கல்வெட்டை உடைத்தால், கெலமங்கலத்தில் நாம் கன்னடக் கல்லை உடைக்கலாம் என்றல்லவா அந்தக் கணக்கு முடியும்? அக்கரைக்காரன் எப்படி நடந்தாலும் இக்கரைக் கிழவி எண்ணெய் விடுவாள். அவள் யாரோடும் உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை.

இங்கே வாசகர்கள் என்னைக் கேட்க நியாயமான கேள்வி ஒன்று உண்டு. பட்டணத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கல்லைக் காப்பாற்று என்று எழுதுவது சுலபம். காட்டை விற்றுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய நினைக்கிற குடியானவனுக்கு அந்தக் கல் நின்றால் இரண்டு மனை நஷ்டம். உண்மை. எல்லோருக்கும் பாத்தியமான கடனை ஒருவன் தலையில் கட்டுவது அநியாயம். ஊரோ சர்க்காரோ அந்த இரண்டு மனையின் விலையைக் கொடுக்க வேண்டும். கொடுக்க மனம் இல்லாதவர்கள் கல்லின் பெருமையைப் பேசக் கூடாது. கிருஷ்ணகிரியில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோய்விடலாமே என்றும் சிலர் சொன்னார்கள். வேறு வழியில்லை என்றால் செய்யலாம்தான். ஆனால் அங்கே ஏரி இல்லை, மாடு இல்லை. அவன் எதற்காகச் செத்தான் என்பதை ஒரு அட்டையில் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் அந்தக் கிராமத்தார் தங்களுக்குள் பேசி, வீதியைப் பத்தடி வளைத்துக்கொண்டார்கள். இளைஞர்தான் வரைபடத்தை மாற்றிப் போட்டுக் கொடுத்தார். கல் புளியமரத்தடியிலேயே நிற்கிறது. அதைச் சுற்றி இப்போது சின்னச் சின்ன மனைக் கற்கள், குழந்தைகள் உட்கார்ந்திருப்பது மாதிரி.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. என் பாட்டி காலத்தில் எங்கள் தெருவிலேயே கன்னடம் வாசிக்கிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாயிற்று. இங்கே வாழப் போகிற பிள்ளைக்குத் தமிழ் வேண்டியதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடவே ஊருக்கு நாலு பேருக்காவது அந்தக் கல்லை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டாமா? தளிப் பக்கத்தில் கன்னடம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் ஒருவரைப் போன மாதம் அழைத்துப் போனேன். வெகு நேரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முதல் வரியில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று மட்டும் கூட்டினார். மற்றது பழைய எழுத்து. மாவு தடவிச் சாய்ந்த வெயிலில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பிடிபடலாம் என்றார். "எங்க வீட்டிலே கேவுறு மாவு இருக்குது, கொண்டாரட்டுமா?" என்று கிழவி எழுந்தாள். "அது கறுப்பாச்சே அம்மா, எழுத்து எடுக்காது. அரிசி மாவா இருந்தாக் கொண்டு வாங்க" என்றார் ஆசிரியர்.